வண்டி ஏன் நின்றது?

சாலையோரத்தில் பழைய மோட்டார் வண்டி ஒன்று நிற்கிறது. அதன் முன்மூடி திறந்திருக்கிறது. சுற்றிலும் நான்கு பேர் நிற்கிறார்கள். ஒருவர், "பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்" என்கிறார். மற்றொருவர், "கார்புரேட்டரில் தூசி அடைத்திருக்கும்" என்கிறார். மூன்றாமவர், "பெட்ரோலே கலப்படம்" என்று தீர்ப்பே கூறிவிடுகிறார். நான்காமவர் வண்டியின் சொந்தக்காரர். அவர் எல்லோருக்கும் தலையை ஆட்டுகிறார். மாணவ நண்பர்களே, இக்காட்சியை நீங்களும் எங்கேனும் கண்டிருப்பீர்கள். அந்த நான்காம் மனிதனாக நான் பலமுறை நின்றிருக்கிறேன். மூன்றாம் மனிதனாகவும் ஒருமுறை பேசியிருக்கிறேன். அப்பேச்சினால் ஓர் இளைஞனுக்கு நேர்ந்த துன்பத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதைச் சொல்வதற்கு முன், பெட்ரோல் வண்டி ஏன் ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்பதைச் சிறிது விளங்கிக்கொள்வோம்.

நான் 34 ஆண்டுகள் பள்ளிகளில் பணியாற்றியவன். ஆசிரியப் பயிற்சி முடித்துப் பௌதிக ஆசிரியனாகச் சேர்ந்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றேன். என் தந்தையார் விட்டுச் சென்ற உடைமைகளுள் ஒன்று, 1960-களில் செய்யப்பட்ட ஒரு கார். அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று ஒரு காலத்தில் நம் சாலைகளில் ஓடிய வண்டிகளின் தலைமுறையைச் சேர்ந்தது அது. அவற்றுள் நெடுங்காலம் நிலைத்த அம்பாசடரின் உற்பத்தியும் 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. என்னுடையது எந்த வண்டி என்பதை இங்கே சொல்லத் தேவையில்லை. ஏனெனில், இக்கதையில் வரும் குற்றம் வண்டியைச் செய்தவர்களுடையது அன்று, வைத்திருந்தவனுடையது.

பெட்ரோல் இயந்திரம் ஓடுவதற்கு நான்கு பொருள்கள் ஒன்றுகூட வேண்டும். காற்று வேண்டும், அதனோடு தக்க அளவில் கலந்த பெட்ரோல் வேண்டும், அக்கலவை சிலிண்டருக்குள் இறுக அழுத்தப்பட வேண்டும், அழுத்தப்பட்ட அந்த நொடியில் தீப்பொறி விழ வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் இயந்திரம் இருமும், திணறும், நின்றுவிடும்.

காற்றும் பெட்ரோலும் கலக்க வேண்டிய அளவு வியப்புக்குரியது. எடை அளவில், ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எடையை விட்டுக் கன அளவில் பார்த்தால் இன்னும் வியப்பாக இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று தேவை. நாம் பெட்ரோல் வண்டி என்று சொல்கிறோம். உண்மையில் அது காற்றைக் குடித்து ஓடும் வண்டி. பெட்ரோல் அதற்கு உப்பைப் போல. உப்புக் குறைந்தாலும் சோறு இறங்காது, மிகுந்தாலும் இறங்காது அன்றோ?

இந்த உப்பைச் சரியாகப் போடும் சமையற்காரன்தான் கார்புரேட்டர். அதன் உள்ளே காற்று செல்லும் வழி நடுவில் ஒடுங்கியிருக்கும். ஒடுங்கிய இடத்தில் காற்று விரைந்து பாய்கிறது. விரைந்து பாயும் இடத்தில் அதன் அழுத்தம் குறைகிறது. 1738-இல் டானியல் பெர்னோலி தம் நூலில் விளக்கிய தத்துவம் இது. அழுத்தம் குறைந்த அவ்விடத்தில் ஜெட் என்னும் நுண்துளை ஒன்று திறந்திருக்கும். அதன் வழியே பெட்ரோல் மேலெழுந்து, பனித்துளிபோலச் சிதறிக் காற்றோடு கலக்கிறது. இன்றைய கார்களில் கார்புரேட்டர் இல்லை. கணினி அளந்து கொடுக்கும் தெளிப்பான்கள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆனால், பழைய கார்களிலும் பழைய மோட்டார் சைக்கிள்களிலும் அது இன்றும் உண்டு. உங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கலாம்.

இனி, பெட்ரோல் கார்புரேட்டருக்கு வந்து சேரும் வழியைப் பார்ப்போம். வண்டியின் பின்புறத்தில் டேங்க் இருக்கிறது. அதன் அடியிலிருந்து, வாயில் வலை கட்டிய ஒரு குழாய் பெட்ரோலை எடுக்கிறது. வண்டியின் அடிப்பக்கமாக நீண்டு வரும் மெல்லிய உலோகக் குழாயில் அது முன்னே வருகிறது. ஒரு வடிகட்டி வழியாகப் பம்பை அடைகிறது. இயந்திரத்தோடு சேர்ந்து இயங்கும் ஒரு நெம்புகோல், பம்புக்குள் இருக்கும் சவ்வை மேலும் கீழும் அசைக்கிறது. சவ்வு ஒரு புறம் அசையும்போது டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. மறுபுறம் அசையும்போது கார்புரேட்டருக்குத் தள்ளுகிறது. அங்கே சிறு கிண்ணம் ஒன்றில் மிதவை இருக்கிறது. கிண்ணம் நிறைந்தால் மிதவை உயர்ந்து ஊசி வால்வை மூடும். குறைந்தால் தாழ்ந்து திறக்கும். நம் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை அடைப்பதும் இவ்வாறே.

இவ்வழியில் எந்த இடத்திலும் தடை நேரலாம். தடை நேர்ந்த முதல் நெடும்பயணமே உலகப் புகழ் பெற்றது. ஜெர்மனியில் 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், மோட்டார் வண்டியை உருவாக்கிய கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், தம் மைந்தர் இருவருடன் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு அவ்வண்டியில் புறப்பட்டார். 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. அக்காலத்தில் பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லோக் என்னும் ஊரில் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். வழியில் எரிபொருள் செல்லும் குழாய் அடைத்துக்கொண்டபோது, தம் தொப்பியில் செருகியிருந்த ஊசியைக் கொண்டே அடைப்பை நீக்கினார் என்பர். அந்த அம்மையார் கையில் எடுத்தது ஓர் ஊசியைத்தான். ஆனால், எரிபொருள் எவ்வழியாக வருகிறது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆதலால், ஊசியை எங்கே நுழைப்பது என்பதும் தெரிந்திருந்தது.

நின்றுபோன வண்டியின் முன் நின்று நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எப்படி நின்றது? எப்போது நிற்கிறது? அண்மையில் என்ன மாறியது?

முதற்கேள்வி, எப்படி நின்றது என்பது. விளக்கை அணைத்தாற்போல் ஒரே நொடியில் நின்றுவிட்டதாயின், பெரும்பாலும் தீப்பொறியில் குறை. காயில், கண்டன்சர், மின்கம்பி இவற்றைப் பார்க்க வேண்டும். இருமி, திணறி, இழுவை குறைந்து, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சற்று உயிர் பெற்று, மீண்டும் தளர்ந்து நின்றதாயின், பெரும்பாலும் எரிபொருள் குறை. கரும்புகை கக்கி, பெட்ரோல் நாற்றம் வீசி நின்றதாயின், பெட்ரோல் குறையவில்லை, மிகுந்துவிட்டது. சோக் திறக்காமல் இருக்கலாம்; மிதவை ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம்; ஊசி வால்வு மூடாமல் இருக்கலாம்.

இரண்டாம் கேள்வி, எப்போது நிற்கிறது என்பது. சாலையில் நன்றாக ஓடி, சிக்னலில் நிறுத்தும்போது மட்டும் அணைந்தால், மெதுவோட்டத்துக்கான ஜெட்டில் அடைப்போ, இயந்திரத்தோடு கார்புரேட்டர் சேரும் இடத்தில் காற்றுக் கசிவோ இருக்கலாம். மெதுவாக ஓடும்போது குறையின்றி, மேட்டில் ஏறும்போது மட்டும் திணறினால், வடிகட்டி அடைத்திருக்கலாம். பம்பின் சவ்வு தளர்ந்திருக்கலாம். டேங்குக்கும் பம்புக்கும் இடையில் குழாயில் வெடிப்பு இருப்பதும் உண்டு. இந்த வெடிப்பைக் கண்டுபிடிப்பது கடினம். அங்கே பெட்ரோல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். நடுவில் ஓட்டையுள்ள குழலால் இளநீர் உறிஞ்சிப் பாருங்கள், விளங்கும்.

சூடேறிய பிறகு மட்டும் நின்றால் வேறொரு காரணத்தை எண்ண வேண்டும். பெட்ரோல் பல திரவங்களின் கலவை. அதிலுள்ள இலேசான பகுதிகள் ஏறத்தாழ 35 பாகை செல்சியசிலேயே கொதிக்கத் தொடங்கும். நம் சித்திரை வெயிலே அதைத் தாண்டும்; இயந்திரத்தின் அருகில் உள்ள சூட்டைக் கேட்கவா வேண்டும்? குழாயில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழியிட்டால், பம்பு திரவத்தை இழுக்காமல் ஆவியையே நசுக்கி நசுக்கி விட்டுக்கொண்டிருக்கும். இதனை ஆவியடைப்பு என்பார்கள். பம்பின்மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்தால் ஆவி குளிர்ந்து திரவமாகி, வண்டி புறப்படும்.

மூன்றாம் கேள்வி, அண்மையில் என்ன மாறியது என்பது. இதை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. அதனால் நேர்ந்ததைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

2022-ஆம் ஆண்டு சித்திரை மாதம். நான் இருப்பது நாமக்கல் மாவட்டத்து ஊர் ஒன்றில். என் வண்டி திடீரென்று வழியில் நிற்கத் தொடங்கியது. புறப்பட்டு 12 கிலோமீட்டர் போனதும் திணறும், நின்றுவிடும். கால் மணி நேரம் காத்திருந்தால் ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் ஓடும். வெயில் காலமாதலால் ஆவியடைப்பு என்று நினைத்தேன். ஈரத்துணி போட்டேன், கால் மணி நேரத்தில் வண்டி ஓடிற்று. என் நினைப்பு உறுதியாயிற்று. ஆனால் மறுமுறையும் நின்றது. பிளக்குகளை மாற்றினேன். காயிலை மாற்றினேன். பம்பைப் பழுது பார்த்தேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். ரூபாய் 11,000 செலவாயிற்று. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் நன்றாக ஓடும்; பிறகு நிற்கும்.

அப்போது ஒரு செய்தி என் கண்ணில் பட்டது. டேங்கை நிரப்பிய நாள்களில்தான் வண்டி நிற்கிறது. பெட்ரோல் குறைவாக இருக்கும் நாள்களில் நிற்பதில்லை. நான் கண்டது உண்மை. ஆனால், அதிலிருந்து நான் அடைந்த முடிவு தவறு. "நிரப்பியதும் நிற்கிறது, ஆகவே நிரப்பியதில்தான் குற்றம்" என்று முடிவு கட்டினேன். நான் பெட்ரோல் வாங்கும் பங்க்கில், மாலை வேளைகளில் ஓர் இளைஞன் வேலை செய்துவந்தான். பகலில் கல்லூரியில் படிப்பவன். எனக்குப் பெட்ரோல் நிரப்புபவன் பெரும்பாலும் அவனே. ஒரு நாள் நாலு பேர் நடுவில் அவனைக் கடிந்துகொண்டேன். அது மட்டுமா? அவன் ஏதோ கலக்கிறான் என்று பங்க் உரிமையாளருக்குக் கடிதமும் எழுதினேன். ஊரில் தலைமையாசிரியராக இருந்தவரின் கடிதம். அவன் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டான்.

பெட்ரோலில் ஐயம் வந்தால் அதைச் சோதிக்க வழி இல்லாமல் இல்லை. வடிதாளில் ஒரு துளி இட்டால், நல்ல பெட்ரோல் கறை விடாமல் ஆவியாகிவிடும். அடர்த்தி அளந்து காட்டச் சொல்லலாம். இச்சோதனைகளைக் கேட்க வாடிக்கையாளர் எவருக்கும் உரிமை உண்டு. பௌதிகம் கற்பித்த நான் இவற்றுள் ஒன்றையும் கேட்கவில்லை.

லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்றது எங்கள் பகுதி. இயந்திரம் அறிந்தவர்களுக்குக் குறைவில்லை. நண்பர் ஒருவர் சொல்ல, பழைய வண்டிகளைப் பழுது பார்க்கும் ஒரு முதிய மேஸ்திரியாரிடம் சென்றேன். அதுவரை நான் மாற்றிய பொருள்களையெல்லாம் வரிசையாக ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாத்தியாரய்யா, மாற்றியதெல்லாம் வண்டி நிற்கத் தொடங்கிய பிறகு. நிற்பதற்கு முன்னால் என்ன மாற்றினீர்கள்? அதைச் சொல்லுங்கள்" என்றார்.

"ஒன்றும் மாற்றவில்லையே" என்றேன்.

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். முன்மூடியைத் திறக்கவில்லை. பின்புறம் சென்று, "இந்த டேங்க் மூடி புதிதாக இருக்கிறதே" என்றார்.

பங்குனி மாதத்தில் ஒரு நாள், பெட்ரோல் போட்டபின் மூடியை வண்டியின்மேல் வைத்தபடியே நான் புறப்பட்டுவிட்டேன். அது எங்கோ விழுந்துவிட்டது. பொருந்துகின்ற ஒரு மூடியைக் கடையில் வாங்கிப் போட்டேன். மூடிதானே என்று அதை மறந்தும்விட்டேன்.

மேஸ்திரியார் தம் பட்டறையிலிருந்து இவ்வகை வண்டியின் பழைய மூடி ஒன்றை எடுத்துவந்தார். இரண்டிலும் சைக்கிள் பம்பினால் காற்றடித்துக் காட்டினார். பழைய மூடியில் மிகச் சிறிய ஒரு துளை வழியே காற்று சென்றது. என் மூடியில் செல்லவில்லை. "இதுதான் காரணமா?" என்று கேட்டேன். "இருக்கலாம். பார்த்துத்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

அவர் பார்த்த முறையைக் கேளுங்கள். முதல் நாள் பிற்பகல் 2 மணிக்கு டேங்கை விளிம்புவரை நிரப்பி, என் மூடியை இறுக மூடி, இராசிபுரம் சாலையில் அவரே உடன் வந்தார். 12 கிலோமீட்டர் கடந்ததும், ஒரு புளியமரத்தடியில் வண்டி நின்றது. நான் ஈரத்துணியை எடுத்தேன். அவர் தடுத்தார். பின்புறம் போய் மூடியைத் திருகினார். "உஸ்" என்று காற்று உள்ளே பாயும் ஓசை கேட்டது. கால் மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லாமல், சிறிது நேரம் சுழற்றியதுமே வண்டி புறப்பட்டது. இரண்டாம் நாள், அதே 2 மணி, அதே சாலை, அதே வேகம், அதேபோல் நிறைந்த டேங்க். மூடி மட்டும் பழையது. புளியமரத்தைக் கடந்தோம், ஊரையும் கடந்தோம், வண்டி நிற்கவில்லை.

"கண்டுபிடித்துவிட்டோம்!" என்று மகிழ்ந்தேன். மேஸ்திரியார், "நாளைக்கும் ஒருமுறை போவோம், உங்கள் மூடியைப் போட்டு" என்றார். "எதற்கு? தெரிந்துவிட்டதே" என்றேன். "நேற்று நல்ல வெயில், வாத்தியாரய்யா. இன்று மேகமூட்டம். வண்டியை ஓட வைத்தது மூடியா, மேகமா என்று நான் எப்படிச் சொல்வது?" என்றார்.

மூன்றாம் நாளும் மேகமூட்டமே. என் மூடியோடு சென்றோம். அதே புளியமரத்துக்கு இரண்டு பர்லாங்கு அப்பால் வண்டி நின்றது. அப்போதுதான் அவர், "மூடிதான்" என்றார்.

ஒரு காரணத்தைச் சோதிக்கும்போது மற்றவை எல்லாவற்றையும் மாறாமல் வைத்து, ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்; மாற்றியதைத் திரும்ப வைத்தால் விளைவும் திரும்புகிறதா என்று காண வேண்டும். 34 ஆண்டுகள் இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். சாலையில் செய்து காட்டியவர் அவர்.

இதன் பௌதிகம் எளியது. டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியேறினால், அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். என் வண்டியில் காற்று புகும் வழி மூடியிலேயே இருந்தது. சில வண்டிகளில் அதற்குத் தனிக் குழாய் உண்டு. வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் குறைகிறது. டேங்க் விளிம்புவரை நிறைந்து, மேலே ஒரு லிட்டர் காற்று மட்டும் இருப்பதாகக் கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோல் செலவானால், அந்தக் காற்று இரண்டு லிட்டர் இடத்தில் பரவ வேண்டும். பாயில் விதிப்படி அக்காற்றின் அழுத்தம் பாதியாகிவிடும். பெட்ரோலின் ஆவி வந்து ஓரளவு ஈடு செய்யும். முழுவதும் ஈடு செய்யாது. டேங்க் பாதி காலியாக இருந்து, 20 லிட்டர் காற்று உள்ளே இருந்தால் என்ன? ஒரு லிட்டர் செலவானால் 20 லிட்டர் 21 லிட்டராகும். அழுத்தம் சிறிதே குறையும். டேங்க் நிறைந்த நாளில் மட்டும் வண்டி நின்றதன் மர்மம் இதுதான். பெட்ரோல் எத்தகையது என்பது காரணமன்று. எவ்வளவு இருந்தது என்பதே காரணம்.

ஈரத்துணி ஏன் பலித்தது? அதற்கும் விடை உண்டு. அழுத்தம் குறைந்தால் திரவங்கள் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். உதகமண்டலத்தில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே, ஏறத்தாழ 93 பாகையில் கொதிப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். டேங்கில் அழுத்தம் குறைந்ததால், குழாயில் பெட்ரோலும் எளிதில் ஆவியாயிற்று. ஆகவே, ஆவியடைப்பும் பொய்யன்று. ஆனால், அது நோயன்று, நோயின் குறி. கால் மணி நேரக் காத்திருப்பில் மூடியின் விளிம்பு வழியே சிறிது காற்றும் கசிந்து உள்ளே போயிற்று, வண்டி ஓடிற்று. புகழ் ஈரத்துணிக்குப் போயிற்று. பழுது பார்த்த ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் வண்டி ஓடியதும் இவ்வாறே. பட்டறையில் கிடந்த நாளில் டேங்க் குறைந்திருந்தது. பெருமை புதுக் காயிலுக்கும் புதுப் பிளக்குக்கும் போயிற்று.

அன்று மாலையே பங்க் உரிமையாளரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். என் கடிதம் தவறு என்று கையெழுத்திட்டு மற்றொரு கடிதம் கொடுத்தேன். அவர் அந்த இளைஞனை மீண்டும் சேர்த்துக்கொண்டார். அதற்குள் 12 நாள்கள் கழிந்திருந்தன. அந்த 12 நாள் கூலியை நான் கொடுக்க முன்வந்தேன். அவன் பெற்றுக்கொள்ளவில்லை. "காசு வேண்டாம், சார். திட்டினபோது நாலு பேர் இருந்தாங்க. அவங்க இருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றான். அவன் கேட்டது நியாயம். மறுநாள் மாலை, கூட்டமான வேளையில் சென்று சொன்னேன். முன்பு கேட்டவர் எல்லோரும் அன்று அங்கே இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. சொல்லப்பட்ட பழி போன இடமெல்லாம் திருத்தம் போய்ச் சேர்வதில்லை.

பழைய வண்டி வைத்திருப்போர் இன்று கவனிக்க வேண்டிய புதிய செய்தி ஒன்றும் உண்டு. நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. 20 விழுக்காடு எத்தனால் சேர்ந்த பெட்ரோல் 2023-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. 2025-ஆம் ஆண்டில் அந்த அளவு நாட்டளவில் எட்டப்பட்டது. எத்தனால் தன்னகத்தே ஆக்சிஜனைக் கொண்டது. ஆகவே, எரிவதற்குப் பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே அதற்குப் போதும். கணினி வைத்த வண்டி இதை அறிந்து அளவை மாற்றிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. ஜெட்டை மாற்றாவிட்டால் கலவையில் எரிபொருள் குறைந்து வண்டி திணறக்கூடும். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழங்கால இரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் அது கெடுக்கக்கூடும். டேங்கில் படிந்த பழைய கசட்டையும் பெயர்த்து வடிகட்டிக்கு அனுப்பும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களையும் சவ்வையும் போட்டுக்கொள்வதும், வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் போட்டுவைக்காமல் இருப்பதும் நலம்.

எச்சரிக்கையாகவும் சில சொற்கள். பெட்ரோலை வாயால் உறிஞ்சாதீர்கள். நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கே கேடு. திறந்த பாட்டிலில் பெட்ரோல் வைத்துக்கொண்டு சூடான இயந்திரத்துக்கு ஊற்றாதீர்கள். பெட்ரோல் சிந்திய இடத்தில் தீப்பொறிச் சோதனை செய்யாதீர்கள். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவித் தொலைவில் உள்ள நெருப்பையும் தேடிப்போகும். பழக்கமுள்ளவர் அருகில் இல்லாமல் மாணவர்கள் இவ்வேலைகளில் இறங்கலாகாது.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் கார்புரேட்டரைக் கையால் தொடாமலே வாழ்நாளைக் கழிப்பீர்கள். ஆனால், ஏதோ ஒன்று நின்றுபோவதையும், அதைச் சுற்றி நாலு பேர் தீர்ப்புச் சொல்வதையும் எங்கும் காண்பீர்கள். அப்போது அந்த மூன்று கேள்விகளை நினைவில் கொள்ளுங்கள். எப்படி நின்றது? எப்போது நிற்கிறது? அதற்குமுன் என்ன மாறியது? இவற்றுக்கு விடை காணும்வரை, பொருள்மீது பழி சொன்னால் பணம்தான் வீணாகும். மனிதன்மீது சொன்னால், பணத்தால் அதைத் திருப்பிக் கொடுக்க இயலாது.

துளையில்லாத அந்த மூடி இன்றும் என் எழுது மேசைமீது இருக்கிறது. நான் எழுதும் கடிதங்கள் காற்றில் பறக்காமல் இருக்க, அவற்றின்மேல் அதைத்தான் வைக்கிறேன்.